வெறும் தண்ணீரில் ஒளி

நான்கு நாட்களாக வெறும் தண்ணீர் மின்னிக்கொண்டிருந்தது.

எங்கள் கருவி, காற்றிலிருந்து பிடித்த துளியின்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சும். கொடிய கிருமி இருந்தால் துளி நீலமாக மின்னும். தினமும் முதலில் சுத்தமான தண்ணீரை வைப்போம். அது இருண்டு கிடக்க வேண்டும். கிடக்கவில்லை. வெள்ளிக்கிழமை கருவியைச் சோதித்துத் தேர்வு செய்யும் குழு வருகிறது.

யாரோ வேண்டுமென்றே கருவியில் கை வைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அறைச் சாவி என்னிடமும் லென்ஸ் அண்ணனிடமும்தான் இருந்தது. கருவியின் லென்ஸ்கள் அவர் பொறுப்பு, அதனால் அந்தப் பெயர். எனக்குப் பதவி உயர்வு வந்த வாரத்திலிருந்து அவர் பேச்சைக் குறைத்திருந்தார்.

அன்று சீக்கிரமே போனேன். கதவுக் கண்ணாடி வழியே பார்த்தால், நான் துளி வைக்கும் தட்டின்மேல் அவர் குனிந்து இடுக்கியால் எதையோ எடுத்துக் காகிதத்தில் மடிக்கிறார்! உள்ளே போகவில்லை. நேரே மாடியேறி, அவரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லி எழுதி, இயக்குநர் மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

“வாங்க மேடம், உங்களைத்தான் தேடிட்டிருந்தேன்” என்றார் லென்ஸ் அண்ணன்.

“எதுக்கு? தட்டுல என்ன பண்ணுனீங்க?”

காகிதத்தைப் பிரித்துப் புற ஊதா விளக்கடியில் வைத்தார். ஒரு நூலிழை நீலமாக ஒளிர்ந்தது. “இப்ப உங்க கையை நீட்டுங்க.”

என் வெள்ளைக் கோட்டின் கையும் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தது.

“வீட்டுல துவைச்சீங்களா?”

“இங்க சலவைக்குப் போட்டா பத்து நாளாகுதுன்னு என் வீட்டுக்காரர் துவைச்சாரு.”

“நல்லா வெளுத்திருக்காரு! வெள்ளையா தெரியணும்னு சோப்புத்தூள்லயே மின்னுற சாமான் கலக்குறாங்க. அதுதான் நூலோட உதிருது. பாவம், அவரைத் திட்டிடாதீங்க.”

“நேத்து கூட்டத்துலயே இது உங்களுக்குத் தெரியுமா?”

“சந்தேகம்தான். கூட்டத்துல எல்லார் முன்னாடியும் உங்க கோட்டைக் கேட்டா நல்லாவா இருக்கும்?”

பதிவேட்டைப் பார்த்தேன். ‘நூல் தூசி. காரணம் தெரிந்தது’ என்று மட்டும் எழுதியிருந்தார். என் பேரே இல்லை.

“அப்ப ஏன் என்கூட சரியா பேசவே இல்ல?”

“கடைவாய்ப் பல்லு மேடம். வாயைத் திறந்தா உயிர் போகும், இன்னிக்கு மாத்திரை போட்டதால பேசுறேன். பல் டாக்டர்னா எனக்கு பயம்.”

தொலைபேசி அடித்தது. இயக்குநர் அவரை மேலே வரச் சொன்னார்.

“நீங்க இருங்கண்ணா, நான் போறேன்.”

கடவுளே, மழுப்பாமல் பேச எனக்கு வாய் கொடு என்று வேண்டிக்கொண்டே படியேறினேன். இயக்குநர் கையில் என் கடிதம் இருந்தது.

“இது நிஜமாம்மா?”

“இல்ல சார். தப்பு என்னோடது. மன்னிச்சிடுங்க.”

“சரி, கிழிச்சுப் போட்டுடறேன். அவருக்குத் தெரிய வேண்டாம்.”

“வேண்டாம் சார், கொடுங்க. அவர்கிட்ட நானே படிச்சுக் காட்டணும்.”

கடிதத்தை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.