திட்டிக்கொண்டே ஆறு பாகம்

என் அண்ணன் செஃப்ரினுக்கு நீந்தத் தெரியாது. காரியாக்கூ தீவில் பதினொரு பாய்ப்படகுகளைத் தன் கையால் கட்டிக் கடலில் இறக்கியவன், நாற்பது வருடமாகப் படகோட்டுகிறவன், இடுப்பளவு தண்ணீருக்கு மேல் இறங்கியதே இல்லை. எங்கள் விண்ட்வர்ட் கிராமத்தில் படகு கட்டும் ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான். நீச்சல் கற்றுக்கொண்டால், தான் கட்டிய படகையே நம்பவில்லை என்று அர்த்தமாம். இந்த வியாக்கியானத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் அவனுக்கு நேர் எதிர். பதினேழு வயதில் சங்குக்கு முக்குளிக்க ஆரம்பித்தேன், இப்போது ஐம்பத்து மூன்று. ஒரே மூச்சில் ஆறு பாகம், அதாவது முப்பத்தாறு அடி ஆழம், இறங்கி, இரண்டு கையிலும் சங்கோடு மேலே வருவேன். யூலாலி தண்ணீருக்குள் போனால் அடுப்பில் சோறு வைத்துவிட்டு வரலாம் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

ஜூலைப் புயலில் எங்கள் 'ரூபினா' மூழ்கியது. அண்ணன் கட்டியதிலேயே பெரிய படகு. எங்கள் அம்மாவின் பெயர். காற்றுக்கு மறைவாக ஒரு மொட்டைத் தீவின் பின்னால் நங்கூரம் போட்டிருந்தான், அங்கேயே ஆறு பாகம் ஆழத்தில் உட்கார்ந்துவிட்டது. அந்தப் படகுக்கு ஞானத்தாய் நான். அதை இறக்கிய அன்று மேல்தளத்தில் கிடாய் வெட்டி, முகப்பில் ரம் ஊற்றி, பாதிரியார் தீர்த்தம் தெளித்தபோது, பெயர் எழுதிய கொடியைப் பிரித்துக் காட்டியவள் நான். உனக்கு ஒன்று என்றால் வந்து நிற்பேன் என்று வாக்கும் கொடுத்தேன். மற்றவர்களுக்கு அது குடிக்க ஒரு சாக்கு. நான் சொன்னால் சொன்னதுதான்.

துறைமுகத்துக்காரர்கள் திங்கட்கிழமையோடு படகை அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டார்கள். கிரேன் வைத்த தோணி ஒன்று வரப்போகிறது. படகின் அடியில் ஓடும் ஏரா, அதன் முதுகெலும்பு, முழுசாக இருந்தால் பட்டை போட்டுத் தூக்கலாம். ஏரா உடைந்திருந்தால் தூக்கும்போதே படகு இரண்டாகிவிடும், அதனால் கீழேயே அறுத்துத் துண்டு துண்டாக எடுப்பார்கள். உடைந்துதான் இருக்கும் என்று அண்ணன் முடிவு கட்டிவிட்டான். அறுக்கச் சம்மதம் கேட்கும் தாள் அவன் சட்டைப்பையில் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

நான் ஒன்பது முறை மூச்சடக்கி இறங்கிப் பார்த்தேன். ஏராவின் முன்பக்கமும் பின்பக்கமும் கண்ணுக்குத் தெரிகின்றன, நன்றாக இருக்கின்றன. உடைவதென்றால் நடுவில்தான் உடையும், அந்த நடுவில் மணல் மேடு தட்டிவிட்டது. இரண்டு கை மணல் அள்ளுவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். மேலே போய்த் திரும்பி வருவதற்குள் நீரோட்டம் பள்ளத்தை நிரப்பிவிடும். ஒரே இடத்தில் அரை மணி நேரம் இருக்கவேண்டும். அதற்கு முதுகில் காற்று வேண்டும்.

பக்கத்துத் தீவான பெட்டிட் மார்ட்டினிக்கிலிருந்து கான்ராடை வரவழைத்தேன். சிலிண்டர் கட்டி முக்குளிக்கச் சொல்லிக்கொடுக்கிறவன். சனிக்கிழமை காலை இரவல் படகொன்றில் மூன்று பேரும் கிளம்பினோம். சுக்கான் பிடிக்க அண்ணன் வந்தான். என் மேல் நம்பிக்கை வைத்து வரவில்லை, வேறு யார் சுக்கான் பிடித்தாலும் அவனுக்குப் பொறுக்காது.

எதிர்க்காற்று. பாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி இரண்டு மணி நேரம் ஓடினோம். பொரித்த ரொட்டியும் கருவாடும் கொண்டுபோயிருந்தேன். அண்ணன் தொடவில்லை. கான்ராட் ஒவ்வொரு குழாயாகக் காட்டி விளக்கினான், கை ஜாடைகள் சொல்லிக்கொடுத்தான். கடைசியில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னான்.

"அக்கா, இதுல பெரிய சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். மூச்ச அடக்கவே கூடாது. அடக்கிக்கிட்டு மேல வந்தீங்கன்னா நுரையீரல் கிழிஞ்சிரும்."

சரி சரி என்று தலையாட்டினேன். மூச்சு விடுவது என்ன பெரிய வித்தையா?

தீவோரம் கழுத்தளவு தண்ணீரில் முதலில் பழகச் சொன்னான். வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு தலையை முக்கினேன். நெஞ்சு பூட்டுப் போட்டதுபோல நின்றுவிட்டது. முப்பத்தாறு வருடப் பழக்கம். கான்ராட் கையை ஆட்டுகிறான், மூச்சு விடு, மூச்சு விடு என்கிறான். எனக்கும் கேட்கிறது, நெஞ்சுக்குக் கேட்கவில்லை. அவன் என்னைத் தூக்கி நிறுத்தினான். இரண்டாவது முறையும் அதே கதி. கடலோடு பழகாதவர்களுக்குப் பத்து நிமிடத்தில் வருவது எனக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது.

மூன்றாவது தடவையும் இப்படியே என்றால் ஆழத்துக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்று கான்ராட் தன்மையாகச் சொன்னான். அவன் சொன்னதில் தப்பில்லை. படகிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தான்.

"கான்ராட், கரையில இவ வாய் மூடி நான் பாத்ததில்ல. தண்ணிக்குள்ள மட்டும் ஏன்தான் மூடுறாளோ. வா லாலி, போலாம். போனது போனதுதான்."

போனது போனதாம்! நான் குழாயைக் கவ்வினேன், தலையை முக்கினேன், அவனைத் திட்ட ஆரம்பித்தேன். வார்த்தை வெளியே வரவில்லை, கொழகொழவென்று ஏதோ சத்தம்தான் வந்தது. ஆனால் திட்டவேண்டுமென்றால் மூச்சு விட்டாக வேண்டும். ஒரு வசவு, ஒரு மூச்சு. குமிழிகள் வரிசையாக மேலே போயின. கான்ராட் இரண்டு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, இறங்கலாம் என்று கட்டைவிரலைக் கீழே காட்டினான்.

அவன் என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ள, ஆறு பாகமும் திட்டிக்கொண்டே இறங்கினேன். கரையில் அண்ணனை ஒருமுறைகூட 'டேய்' போட்டதில்லை. அங்கே யார் கேட்கப்போகிறார்கள்? டேய் செஃப்ரின், பயந்தாங்கொள்ளி, அம்மா பெயரை வைத்துவிட்டு அறுக்கக் கொடுக்கிறாயா, உன் மீசையில் மண் விழ. மணல் மேட்டின் பக்கத்தில் மண்டியிட்டு இரண்டு கையாலும் வாரினேன். மணல் சரிந்தது, மறுபடி வாரினேன். என் ஐந்து வயதில் அவன் செய்த குற்றங்களில் தொடங்கி, மதினியோடு போட்ட சண்டைகள் வரைக்கும் வந்துவிட்டேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள், எனக்குக் கிடைத்தது அரை மணி நேரம்தான்.

விரலில் மரம் தட்டுப்பட்டது. நடு இணைப்பு, இரண்டு கட்டைகள் சேரும் இடம். நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன். உள்ளங்கையை வைத்து மெதுவாக நீவினேன், அடிவழியாகக் கையை நுழைத்து மறுபக்கமும் தடவினேன். கீறல் இல்லை. அதற்குப் பதில் வேறொன்று இருந்தது. மணல் தேய்த்துப் பெயிண்ட் போன இடத்தில் ஒரு சிறிய விளிம்பு. விரலால் சுற்றிப் பார்த்தேன்.

கான்ராட் பட்டையைப் பிடித்து உலுக்கினான். அப்போதுதான் தெரிந்தது, நெஞ்சு மறுபடியும் பூட்டிக்கொண்டிருந்தது. கால்கள் தாமாகவே மேலே உதைக்கத் தயாராக இருந்தன. சங்கு கைக்கு வந்ததும் மேலே பாய்கிற பழைய புத்தி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது உண்மைதான், ஆனால் இன்றைக்கு எனக்குச் சுடுகாட்டுக்குப் போக நேரமில்லை. உதைக்கத் துடித்த கால்களை மணலில் ஊன்றினேன். பற்களைக் குழாயில் அழுத்தி, அண்ணனின் பெயரைச் சொல்லி மூச்சை வெளியே விட்டேன். மறுபடி இழுத்து மறுபடி சொன்னேன். சேதி மூன்று நிமிடம் பொறுத்துப் போனால் செத்துப்போகாது. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே, கான்ராடின் கையைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக மேலே வந்தேன்.

ஏரா முழுசாக இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னேன். அவன் முகம் மாறவில்லை. கான்ராடைப் பார்த்தான். நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மரத்தைப் பற்றி எனக்குத் தெரியாது என்றான் கான்ராட்.

"உனக்கு அது முழுசா இருக்கணும், லாலி. நீ அவளுக்கு ஞானத்தாய். பொய்கூடச் சொல்லுவ," என்றான் அண்ணன். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னான். "உடஞ்ச பிள்ளைய என் கண்ணு முன்னால தூக்கி ரெண்டாப் பிளக்கச் சொல்றியா?"

எனக்கு அவன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் போய்விட்டது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"நடு இணைப்புக்கு இடப்பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டுப்போட்டிருக்கண்ணே. நாலு செப்பு ஆணி. ஒண்ணு கோணல்."

செஃப்ரின் தப்பாக வெட்டமாட்டான், ஒரு கட்டையை இரண்டாம் தடவை தொடமாட்டான் என்பது எங்கள் தீவில் பேச்சு. அதை அவனும் மறுத்ததில்லை. வருடாவருடம் ரூபினாவைக் கரையேற்றும்போது ஏராவுக்கு மட்டும் அவனே பெயிண்ட் அடிப்பான், வேறு யாரையும் கிட்டே விடமாட்டான். பக்தி என்று நினைத்திருந்தோம்.

சுக்கானிலிருந்து அவன் கை நழுவியது. காது மடல்வரை சிவந்துவிட்டது.

"அத யாரும் பாத்ததில்ல," என்றான்.

"நானும் பாக்கல. தடவிப் பாத்தேன். உடையிறதா இருந்தா அந்த எடத்துலதான் உடஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் தடவிட்டேன், மயிர் நுழையிற கீறல்கூட இல்ல."

அண்ணன் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நான்காகக் கிழித்தான். ரூபினா இவ்வளவு நீளம், இவ்வளவு எடை, அடியில் எத்தனை பட்டை போடவேண்டும் என்று கான்ராடிடம் கேட்க ஆரம்பித்தான். நாலாவது பட்டையை நடு இணைப்புக்குக் கீழேயே போடலாம், தாங்கும் என்று அண்ணனே சொன்னான். பட்டையை நான்தான் இறங்கிக் கட்டுவேன் என்றேன். இன்னும் ஒரு நாள் பழகிக்கொண்டால் கூட்டிப்போகிறேன் என்றான் கான்ராட்.

படகில் ஏற அண்ணன் எனக்குக் கை கொடுத்தான். கொடுத்த கையை விடாமல், காதருகே குனிந்தான்.

"அந்த ஒட்ட வெளிய சொல்லிராத லாலி."

"அது திங்கக்கெழம நீ நடந்துக்கறதப் பொறுத்து," என்றேன்.

சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை, அறுபத்தோரு வயது மனிதன் என் ஈரத் தோளில் முகத்தை வைத்து அழுதான்.