சொட்டு மாப்பிள்ளை வாங்கிய கிளாண்ட்

1

இந்தக் கதைக்குப் படம் முதலில் வந்துவிட்டது. கதைதான் வரவில்லை. வாரப் பத்திரிகையில் இது நடக்காத காரியமல்ல. மழைக்கால இதழுக்கு ஒரு காதல் கதை வேண்டும் என்றார் ஆசிரியர். நான் தலையாட்டினேன். அதையே கதை கொடுத்ததாக எடுத்துக்கொண்டு ஓவியர் வரைந்தும் முடித்துவிட்டார்.

மழை. ஒரு வீட்டு வாசல். சுவரில் எரிகிற விளக்கு. அதன் கீழே குடையில்லாமல், தொப்பலாக நனைந்த ஒரு பெண், படத்துக்கு வெளியே நிற்கிற யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். (யாரை என்று ஓவியரைக் கேட்டேன். "அது உங்க வேலை சார்" என்றார்.)

படத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். காதல் தோன்றவில்லை. விளக்குக்கு அடியில் ஓவியர் ஒரு சின்னப் பெட்டி வரைந்து, அதற்குள் ஒரு கேபிளையும் நுழைத்திருந்தார். இந்த மழையில் இந்த விளக்கு எப்படி அணையாமல் எரிகிறது? அந்தச் சந்தேகம்தான் இந்தக் கதை. காதலுக்காக வந்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். காதல் உண்டு. ஆனால் அது மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவில்.

2

ஆரம்பம் ஒன்று: "கருமேகங்கள் வானத்தை" – வேண்டாம். போன மழை இதழிலும் கருமேகங்கள்தான்.

ஆரம்பம் இரண்டு: "அவள் கண்களில் ஒரு மின்னல்" – அவள் புருஷன் எலக்ட்ரீஷியன். மின்னலைக் கண்டால் மெயினை அணைக்க ஓடுகிறவன். வேண்டாம்.

ஆரம்பம் மூன்று: மாமனார் பிளம்பர், மருமகன் எலக்ட்ரீஷியன்.

இது நிற்கும்.

கல்யாணமான புதிதில் மருமகன், மாமனார் வீட்டு வாசலுக்கு ஆசையாக ஒரு விளக்கு மாட்டிக் கொடுத்தான். பெட்டியின் தலையில் ஒரு துளை, துளைக்குள் கேபிள், கேபிளைச் சுற்றி டேப். முதல் மழையிலேயே பெட்டி நிரம்பி வழிந்து, விளக்கின் கண்ணாடிக் கிண்ணத்திலும் தண்ணீர் ஏறிவிட்டது. மீன் விட்டிருக்கலாம். மாமனார் இடுப்பில் கைவைத்து அதை ரசித்துப் பார்த்தார்.

"ஆயுசு முழுக்க தண்ணிக்கு வழி காட்டுற தொழில் எனக்கு. இவ்வளவு அழகா ஒரு தொட்டி கட்ட எனக்கே வராது, மாப்பிள்ளை."

அன்றைக்கே அவனுக்குப் பெயர் மாறியது. சொட்டு. முதலில் வீட்டுக்குள், பிறகு தெருவில், பிறகு அவன் முகம் தெரியாதவர்கள் வாயிலும். ஃபேன் ஓடவில்லை என்றால் சொட்டைக் கூப்பிட்டார்கள். தோட்ட விளக்கு, மாடி மோட்டார் என்று வானம் பார்த்த வேலை எதுவும் அவனுக்கு வரவில்லை. சமையல்காரனுக்குத் தீய்ச்சான் என்று பெயர் வைத்தால் விருந்துக்கு யார் கூப்பிடுவார்கள்?

மாமனாருக்குப் பெரிய தெருவில் குழாய்க் கடை. முன்பக்கம் பாதி சும்மாதான் கிடந்தது. அந்தப் பாதியைப் புருஷனுக்குக் கொடுத்தால் அவன் பையைத் தூக்கிக்கொண்டு யார் யாரிடமோ அலைவது ஓயும் என்று மகள் கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்கு. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போதெல்லாம் கேட்டாள். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். அதே வாசல், அதே விளக்கு. மருமகன் திரும்ப மாட்டட்டும். அவரே ஹோஸ் பிடிப்பார். மேல்தொட்டி காலியாகிறவரை விளக்கு எரிந்தால் கடையில் பாதி அவனுக்கு, சொட்டு என்கிற பெயரும் சாக்கடையோடு போகும். அணைந்துவிட்டால் கடைப் பேச்சை அவர் இருக்கிறவரை யாரும் எடுக்கக் கூடாது.

3

இப்போது என் பாடு. கதையில் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் என்ன கதை? அதனால் அவனை எலக்ட்ரிக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு தப்பான கிளாண்டை* வாங்க வைப்பது என்று முடிவு செய்தேன்.

(* கிளாண்ட் என்பது கேபிள் பெட்டிக்குள் நுழைகிற இடத்தில் அதன் கழுத்தைப் பிடிக்கிற சின்னத் திருகு. உள்ளே ஒரு ரப்பர் வளையம். மூடியைத் திருகத் திருக வளையம் கேபிளை இறுக்கும், தண்ணீர் வெளியே நிற்கும். இதற்குமேல் எனக்கும் தெரியாது.)

கடைக்காரர் ஒரு தட்டில் கிளாண்டுகளைக் கொட்டினார். பளபளவென்று பெரிய பித்தளைக் கிளாண்ட் ஒன்றை அவன் கண்ணில் படுகிற மாதிரி நானே மேலே வைத்தேன். கடைக்காரரும் என் பக்கம்தான். இதை எடுத்துக்கொள், ஓட்டை பெரிதாக இருந்தால் கேபிள்மேல் ரெண்டு சுற்று டேப் சுற்றிக்கொள் என்றார்.

டேப் என்றதும் கூட வந்திருந்த மனைவி திரும்பினாள்.

"செருப்பு பெருசா இருந்தா பஞ்சு வெச்சுப் போட்டுக்குற மாதிரியா?"

அவன் கை பித்தளையை விட்டது. சரி, தட்டைக் கேபிளையாவது வாங்க வைப்போம் என்று பார்த்தேன். தட்டைக் கேபிளை வட்ட வளையம் பிடிக்காது, இரண்டு பக்கமும் சந்து விழும். அதையும் அவன் தொடவில்லை. இத்தனை காலம் சொட்டு என்ற பெயரைச் சுமந்தவன் என் சௌகரியத்துக்காக இன்னொரு தரம் நனைவானா?

உருண்டைக் கேபிளில் ஒரு துண்டை எடுத்து அதன் தடிமனை அளந்தான். எந்தத் தடிமன் முதல் எந்தத் தடிமன் வரை பிடிக்கும் என்று ஒவ்வொரு கிளாண்டாகப் பார்த்து, தன் கேபிள் அந்த அளவுக்கு நடுவில் விழுகிற மாதிரி ஒன்றைப் பொறுக்கினான். வெயிலில் வெடிக்காத கறுப்பு நைலான். பார்க்க ஒன்றுமில்லை. மனைவி அதை வாங்கி மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பார்ப்பதுபோல் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நிக்கும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அதைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் பொருத்தினான். கேபிளை நேராக மேலே ஏற்றாமல், முதலில் கீழே ஒரு தொங்கல் விட்டு விளக்குக்குக் கொண்டுபோனான். கேபிளில் வழிகிற தண்ணீர் பெட்டிக்கு ஏறாமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். (படத்தில் கேபிள் மேல்பக்கம் நுழைகிறது. நீங்கள் கதையை நம்புங்கள்.)

ஒன்று பாக்கி. மாடியிலிருந்து பெட்டிக்குக் கரண்டு வருகிற பழைய குழாய் சுவருக்குள் இருந்தது. அதன் வாயை மாடியில் பூசிவிட்டான். ஆனாலும் பழைய சுவர், எங்கேயாவது விரிசல் இருக்கும், கொஞ்சம் ஈரம் இறங்கும். இறங்கினால் போக வழி வேண்டும். பெட்டியின் அடியில் அரிசி நுழைகிற அளவு ஒரு துளை போட்டான்.

அப்பாவிடம் சொல்லிவிடச் சொன்னாள் மனைவி.

"ஓட்டை போட்டிருக்கேன்னு ஒரு பிளம்பர்கிட்ட போய் எப்படிடி சொல்றது?"

4

தீர்ந்தது. எல்லாம் சரியாக அமைந்துவிட்டது. தண்ணீர் புகாத பெட்டி, கதையும் புக முடியாத பெட்டி. ஆசிரியர் போனில் பக்கம் காலியாக இருக்கிறது என்றார்.

வேறு வழியில்லாமல் மாமனாரை வில்லனாக்கத் துணிந்தேன். மகளும் மருமகனும் மத்தியானம் சாப்பிட உள்ளே போன நேரம். "அவர் ஓசைப்படாமல் ஸ்பேனரை எடுத்து, கிளாண்டைத் தளர்த்த" –

எழுத முடியவில்லை. நான் ஸ்பேனரைக் கையில் கொடுத்தேன், அவர் அதைத் தரையில் வைத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கிளாண்டை இரண்டு விரலால் திருகிப் பார்த்தார். அசையவில்லை. "ம்" என்றார். அந்த "ம்" அவரிடம் தொழில் கற்ற யாருக்கும் லேசில் கிடைத்ததில்லை. கேபிளின் தொங்கலைத் தொட்டுப் பார்த்தார். அதற்கும் ஒரு "ம்". பிறகு குனிந்து அடிப்பக்கம் பார்த்தார்.

ஓட்டை.

இவரைப் பற்றி ஒரு வார்த்தை. விருந்துக்குப் போன வீட்டில் கைகழுவும் இடத்துக் குழாய் ஒழுகினால், அதைச் சரிசெய்யாமல் இலையில் உட்காரமாட்டார். ஓட்டை என்று ஒன்று இருந்தால் அவர் கை சும்மா இருக்காது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற, குழாய் ஒழுகல் அடைக்கிற பசையைக் கிள்ளிப் பிசைந்தார். பையன் அவசரத்தில் விட்டுவிட்டான், பாவம், இத்தனை நல்ல வேலை இந்த இத்தனூண்டு ஓட்டையால் கெட வேண்டாம் என்று நினைத்தார். அடைத்தார். கட்டைவிரலால் தடவி வழவழப்பாக்கினார். யாரிடமும் சொல்லவில்லை. மருமகனுக்கு உதவினார் என்று தெரிந்தால் மரியாதை என்ன ஆவது?

நான் கேட்காத திருப்பம். எடுத்துக்கொண்டேன்.

5

சாயங்காலம் ஹோஸ் பிடித்தார். விளக்கு எரிந்தது. கிளாண்டின் மேல் அடித்தார், கீழிருந்து அடித்தார். விளக்கு எரிந்தது. மகள் வாசலில் நின்று நனைந்தாள், உள்ளே போகச் சொல்லியும் போகவில்லை.

"பரவால்லையே" என்றார். அந்தச் சந்தோஷத்தில் ஹோஸை உயர்த்திச் சுவர் முழுக்க, மாடி விளிம்புவரை அடித்தார். எங்கேயோ ஒரு விரிசல் குடித்தது.

விளக்கு அணைந்தது. கூடவே வீடும் அணைந்தது.

பக்கத்து வீட்டு மாடியிலிருந்து யாரோ "சொட்டு" என்று சிரித்தார்கள். மாமனார் சிரிக்கவில்லை.

மருமகன் மெயின் அணைந்திருப்பதை உறுதி செய்துகொண்டு மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு உள்ளங்கைத் தண்ணீர். கிளாண்டின் வளையத்தைப் பிரித்துப் பார்த்தான். உட்புறம் பொட்டு ஈரம் இல்லை. பெட்டிக்கு அடியில் விரலை விட்டான். துளை இருந்த இடம் கெட்டியாக, வழவழவென்று இருந்தது. குனிந்து பார்த்தால் பசையில் ஒரு கட்டைவிரல் ரேகை. அந்த வீட்டில் குழாய் மூட்டு ஒவ்வொன்றிலும் இருக்கிற அதே ரேகை.

நிமிர்ந்தான். மாமனார் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஆயுளில் அவர் ஹோஸைச் சுருட்டி யாரும் பார்த்ததில்லை.

6

முடிவு ஒன்று: "இது உங்க விரல்தானே மாமா?" என்று தெரு கேட்க அவன் கேட்கிறான். கடை கிடைக்கிறது. எழுதிப் பார்த்தேன். இரண்டே வரியில் அந்தப் பெரிய மனிதர் ஹோஸைவிடச் சின்னதாகச் சுருண்டுவிட்டார். கிழித்தேன்.

முடிவு இரண்டு: அவன் வாயைத் திறக்கவில்லை. கடை போகிறது, சொட்டு என்ற பெயர் பேரப்பிள்ளைகள்வரை நிற்கிறது. கூடவே நின்று கிளாண்ட் பொறுக்கியவள் என்னை விடமாட்டாள். இதையும் கிழித்தேன்.

முடிவு மூன்று: (இடம் குறைவு என்கிறார் ஆசிரியர்.)

படத்தைத் திரும்ப எடுத்தேன். விளக்கு எரிகிறது. அவள் சிரிக்கிறாள். அப்பா சுருண்டால் சிரிக்கமாட்டாள், புருஷன் மூழ்கினாலும் சிரிக்கமாட்டாள். ஓவியர் மாற்றி வரையவும் மாட்டார். ஆக, நடந்திருக்கக் கூடியது இதுதான்.

மருமகன் ஒரு கம்பியால் பசையைக் குத்தி எடுத்தான். தண்ணீர் இறங்கியது. துடைத்துக் காயவைத்து, மூடி, மெயினைப் போட்டான். விளக்கு எரிந்தது. யாரும் சொல்லாமலே மாமனார் ஹோஸை மறுபடி எடுத்து, அதே சுவரில், அதே விளிம்புவரை அடித்தார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பெட்டிக்கு அடியில் சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. (ஓவியர் வரைந்தது மழை அல்ல, மாமனாரின் ஹோஸ். இப்போதுதான் எனக்கே புரிந்தது.)

மாமனார் அந்தச் சொட்டைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், தன் கட்டைவிரலைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அதே நேரம் மருமகனும் செருமினான்.

"நான்தான்..." என்று இருவரும் ஒன்றாக ஆரம்பித்தார்கள்.

அவள் சிரித்துவிட்டாள்.

மேல்தொட்டியில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. யார் வாக்கியத்தை முடித்தது, கடையில் பாதி என்ன ஆயிற்று என்பதை உங்களிடம் விடுகிறேன். இந்தக் கதையின் அடியில் அரிசி அளவு ஓர் ஓட்டை விட்டிருக்கிறேன். பார்த்ததும் கை பரபரக்கும்.

அடைத்துவிடாதீர்கள்.