முதல் அகப்பை

வடக்கிலும் தெற்கிலும் நீலம் தீட்டிய மதில்களென நீண்டுவரும் மலைத்தொடர் இரண்டும், நெடும்பொழுது பேசியும் விலை படியாத வணிகர் இருவரைப் போலப் பாலக்காட்டருகே வந்தவுடன் முகம் திருப்பிக்கொண்டு விலகி நிற்க, அவ்விடைவெளியைத் தனக்கென்றே திறந்துவைத்த தலைவாயிலாகக் கருதிக் கீழைக்காற்று புழுதியை வாரி இறைத்தபடி உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. மாசித் திங்களின் அவ்விடியற்பொழுதில், அறுவடை முடிந்த வயல்கள் மழித்த தலைகளெனத் தாள்முனை காட்டிக் கிடந்தன. வரப்புப் பனைகள் ஓலை சலசலத்துத் தமக்குள் புறம்பேசின. அப்பனைகளின் நடுவே, சிவந்த ஓடு வேய்ந்த பழைய மாணவர் விடுதியொன்று, தன் அடுக்களைப் புகைபோக்கியினின்று எழுந்த முதற்புகையால், இன்று நம் வீட்டில் விருந்து என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

அவ்விடுதியில் உண்டு, உறங்கி, ஒருவர் சட்டையை மற்றொருவர் உடுத்துப் பட்டம் பெற்றுச் சென்றோர், பனந்தோப்புத் தோழமை என்னும் பெயரால் இணைந்து, ஆண்டுதோறும் மாசி இரண்டாம் ஞாயிறன்று அங்கே திரும்பிவந்து, அப்போது பயிலும் மாணவர்க்குத் தம் கையாலேயே சோறு பரிமாறுவது வழக்கம். அவ்விருந்திற்கு ஒரு முறையுண்டு. அவ்வாண்டில் விடுதிப் பிள்ளைகளுக்குப் பெருநலம் செய்தவர் இவரென்று தோழமை யாரைத் தேர்கிறதோ, அவர் கையில் நீண்ட காம்புடைய பித்தளை அகப்பையொன்று தரப்படும். அவர் முதல் இலையில் முதற்சோறு இட்ட பின்னரே மற்றவர் வாளி தூக்கலாம். பொன்னாடை இல்லை, மேடை இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. எனினும், நுண்ணறிவுடையீர், வெளியூர்களில் மேடையேறி மாலை பெற்றுப் பழகியவர்களெல்லாம், அந்தக் கரிபிடித்த அகப்பையை ஓரக்கண்ணால் நோக்கிக்கொண்டே நின்றார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை.

எலப்புள்ளித் தனபால் அவ்வகப்பையைப் பதினோராண்டு பிடித்தவன். விருந்திற்கான அரிசி முழுதும் அவன் வயலினின்று வருவது. உண்ணும் கூடத்தின் மேற்கூரை அவன் வேய்ந்து தந்தது. கூடத்தின் வாயிலில் அவன் பெயர் வெட்டிய கல்லும், வருவோர் கண்ணில் தப்பாமல் படும் உயரத்தில், அவனே நின்று பார்த்துப் பதித்தது. ஆண்டுக்கொருமுறை அவ்வகப்பை தன் கைக்கு வருவதைக் கதிரவன் கிழக்கே எழுவதைப் போன்ற இயற்கை நிகழ்ச்சியாகவே அவன் எண்ணிவிட்டான்.

பன்னிரண்டாம் ஆண்டில் கதிரவன் வேறு திசையில் எழுந்தான். தோழமைச் செயலர் பூபதிராஜா கைபேசிக் குழுவில் இட்ட செய்தி இது: "இந்த வருசம் முதல் அகப்பை நம்ம சித்திரபுரம் ஈஸ்வரனுக்கு."

ஈஸ்வரன் யார்? தேயிலை கிள்ளிய தாய்க்கு மகனாய், லயம் எனப்படும் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தகரப்பெட்டியோடு அவ்விடுதிக்கு வந்து, தனபாலின் அறையிலேயே தங்கியவன். எலப்புள்ளியிலிருந்து வரும் முறுக்கும் அதிரசமும் இருவர்க்கும் பொது. ஒருவரையொருவர் பங்காளி என்றே அழைத்தனர். ஈஸ்வரன் பசித்திருந்தவரை தனபாலின் அன்பில் குன்றிமணி அளவும் குறைவில்லை. அவன் உண்டு எழுந்து கைகழுவிய நாள்முதல்தான் அவ்வன்பு மெல்ல நொய்யத் தொடங்கியது. இப்போது மலைமேல் சுற்றுலா வருவோர்க்குத் தங்குமனைகள் நடத்தும் அவன், விடுமுறைதோறும் விடுதியின் எளிய பிள்ளைகளை அழைத்துச் சென்று, சோறும் இடமும் தந்து, தொழில் பழக்கி, அவ்வாண்டு மட்டும் ஒன்பது பேரை நல்ல வேலைகளில் அமர்த்தியிருந்தான். அவ்வொன்பது பேரும் ஒருவர்பின் ஒருவராகக் குழுவில் நன்றி எழுத, ஒவ்வொரு நன்றியும் தனபாலின் நெஞ்சில் நெருஞ்சி முள்ளாய்த் தைத்தது. அரிசியை உண்டவன் எவனாவது இப்படி எழுதினானா? உண்டான், ஏப்பமிட்டான், போய்விட்டான்!

பொறாமை மூடனுக்கு வந்தால் கூச்சலிடும். உழவனுக்கு வந்தால் பருவம் பார்க்கும். விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, பத்தாயத்தில் ஓராண்டு ஆறிய பழைய அரிசி மூட்டை மூட்டையாய்க் கிடக்க, அம்மாதமே அறுத்து அரைத்த புத்தரிசியைச் சரக்குந்தில் ஏற்றச் சொன்னான் தனபால். புத்தரிசிச் சோறு குழையும். அள்ளினால் அகப்பையில் ஒட்டும். இலையில் விழுந்தால் களியாய்க் கிடக்கும். வயல்காட்டில் இதை அறியாதவர் இல்லை. தேயிலைக்காட்டில் பிறந்தவன் எங்ஙனம் அறிவான்? முந்நூறு பேர் முன்னிலையில், ஈஸ்வரன் கையால் விழும் முதற்சோறு சோறாய் இராது என்பதே அவன் போட்ட விதை.

மனைவி பிரதீபா மூட்டையைக் கண்டவுடன் ஓடிவந்தாள். "ஏனுங்க, இது புதுசுங்க! கொழைஞ்சு போயிருமுங்க. காளியாத்தாளுக்கே நாம இன்னும் பொங்க வெக்கலீங்க, அதுக்குள்ள வெளிய அனுப்பறீங்க?"

"சும்மா இரு புள்ள. பழசுல வண்டு வுழுந்துருச்சு."

"எந்த மூட்டையில வண்டு? காட்டுங்க பாப்போம்."

தனபால் காட்டவில்லை, வண்டியைத்தான் விரைந்து கிளப்பச் சொன்னான். வண்டு இருந்த இடம் மூட்டையன்று என்பதை அவள் அறிந்திருப்பாளோ, யாமறியோம்.

விருந்து நாளில் விடியலிலேயே விடுதிக்கு வந்து சேர்ந்த அவன், விறகு அடுக்கிய சுவரின் மறைவில், அடுக்களைப் பலகணிக்குக் கீழே, காற்று வாங்குபவனைப் போல நின்றான். உள்ளே, தனக்கும் முன்னே வந்திருந்த ஈஸ்வரனை அழைத்துச் சமையற்கட்டின் தலைவி பழனாத்தாளின் குரல் உயர்ந்தது.

"ஏனுங் தம்பி, இங்க வந்து பாருங்க. ஒலையில ஒரு கை போட்டுப் பாத்தேனுங்க, களியாட்டக் கெடக்குது. இது இந்த மாசத்து அறுப்புங்க. எலப்புள்ளிக்காரருக்கு இது தெரியாதுங்களா? அவங்க ஊட்டுக் கோழிக்குக் கூடத் தெரியுமுங்க!"

தனபாலின் காது சுட்டது. பானையை ஏற்றுமுன் ஒரு கை போட்டுப் பார்ப்பது சமைப்பவர் வழக்கமென்பதை, வாழ்நாளில் அடுப்பருகே நில்லாத அவன் எண்ணிப் பார்க்கவில்லை. இனி ஈஸ்வரன் வெகுள்வான், குழுவில் எழுதுவான், ஊர் அறியும். தனபாலின் கால்கள் வண்டியிருந்த திசையை நோக்கின.

உள்ளே யாரோ மூட்டையரிசியைக் கையால் அள்ளி அள்ளி விடும் ஒலி கேட்டது. பின்பு ஈஸ்வரன் சிரித்தான்.

"நெசமாவாக்கா? இந்த அறுப்பு நெல்லா? எங்க லயத்துல எத்தனை தை பொறந்தாலும் ரேசன் அரிசிப் பொங்கதான். வயலு இருந்தால்ல புது அரிசி! ஒரு தடவையாச்சும் புது நெல்லுல பொங்கிப் பாக்கணும்னு எங்கம்மா சாகுற மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாக. ஹாஸ்டல்ல ஒரு நா பங்காளிகிட்டச் சொல்லி அழுதிருக்கேன். மறக்காம அனுப்பிருக்கான் பாருங்க."

"அப்ப சோத்துக்கு என்ன பண்றதுங்க?"

"சோறு எதுக்கு? பாதிக்கு வெல்லம் போடுங்க, பாதிக்கு மொளகு போடுங்க. பாயசத்துக்குன்னு ஏலக்கா சக்குபள்ளத்துலருந்து நானே மூட்டையோட கொண்டாந்திருக்கேன்."

"மாசியில பொங்க வெச்சா ஊரு சிரிக்குமுங்க."

"சிரிக்கட்டும்க்கா. தின்னுட்டுச் சிரிக்கட்டும்."

பழனாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, நெசமாத்தான் சொல்றீங்களா, இல்ல எதையோ மூடி வெக்கறீங்களா?"

"பானையை மூடுங்கக்கா, பொங்கட்டும்" என்றான் ஈஸ்வரன்.

ஈஸ்வரன் சொன்ன அந்த ஒரு நாளைத் தனபால் தன் நினைவில் துழாவினான். மழை, மெழுகுத்திரி, அதிரசம் எல்லாம் வந்தன. அழுத முகம் மட்டும் வரவில்லை. அன்று அவன் கேட்டிருப்பான். கேட்டதை அன்றே மறந்தும் இருப்பான்.

நண்பகலில் முந்நூறு இலைகள் விரிந்தன. பூபதிராஜா தனபாலின் தோளைத் தட்டி, "என்னங் தனபாலு, பதினோரு வருசம் புடிச்ச கரண்டி, கை ஊறுதுங்களா?" என்று கேட்க, சுற்றி நின்றோர் நகைத்தனர். அகப்பை ஈஸ்வரன் கைக்கு வந்தது. அவன் அதைத் துண்டால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பிள்ளைகளை நோக்கிச் சொன்னான்: "தம்பிகளா, புது அரிசின்னா மொதல்ல சாமிக்குப் போகணும். இது உங்களுக்கு வந்திருக்கு. இதை நான் போட்டா நல்லாருக்காது. வா பங்காளி, நீயே போடு."

பித்தளைக் காம்பு தனபாலின் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. அதற்காகத்தானே அவன் இரவெல்லாம் புரண்டான்! பொங்கலை அள்ளினான்; அது அகப்பையில் ஒட்டிக்கொண்டு இலையில் விழ மறுத்தது. ஒருமுறை தட்டினான், இருமுறை தட்டினான். மூன்றாம் தட்டில் அது விழ, பிள்ளைகள் பொங்கலோ பொங்கல் என்று கூரை அதிரக் கூவினர். அக்கூரையும் அவன் தந்ததே.

அவன் ஈஸ்வரனின் முகத்தை நோக்கினான். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரலழுத்தி விலை உணர்த்துவார்களே, அவ்வாறு ஒரு சிறு அழுத்தம், எனக்குத் தெரியுமடா என்னும் ஒரு குறிப்பு, அக்கண்களில் எங்கேனும் உண்டா என்று துழாவினான். அங்கே ஒன்றுமில்லை. அறியாமையால் வந்த வெறுமையோ, அறிந்தே துடைத்த தூய்மையோ, தெரியவில்லை. ஈஸ்வரன் அதற்குள் வாளியைத் தூக்கிக்கொண்டு, "தம்பி, வெல்லப் பொங்கலா, மொளகா?" என்று கேட்டபடி, இலைவரிசையில் குனிந்து போய்க்கொண்டிருந்தான்.

மாலையில் தூக்குப்பாத்திரத்தோடு வீடு திரும்பியவனைக் கண்டு பிரதீபா கேட்டாள்: "அகப்பை இந்த வருசம் ஆருங்க புடிச்சது?"

"நாந்தான்."

"ஈஸ்வரண்ணனுக்குன்னாங்க?"

"அவன் குடுத்துட்டான்."

"கேட்டு வாங்குனீங்களா?"

தனபால் பாத்திரத்தைத் திறந்தான். ஏலக்காய் மணம் கூடமெங்கும் பரந்தது. ஒரு கவளம் எடுத்தான், இனித்தது; மறு கவளம் எடுக்காமல் பாத்திரத்தை மூடினான். இதுகாறும் அவன் பொறாமைப்பட்டது ஓர் அகப்பையைப் பற்றி. அதைத் திரும்பப் பெற ஒரு வழியாவது இருந்தது. இன்றுமுதல், கைக்கு வந்ததைத் துடைத்து அடுத்தவனிடம் தந்துவிட்டு, அதைப் பற்றி இரண்டாம் முறை எண்ணாமல் வாளி தூக்கிப் போகும் அந்த மனத்தைப் பற்றி அவன் பொறாமைப்பட வேண்டும். அதை எந்த வயலில் விதைத்து, எந்த மாசியில் அறுப்பது?

அடுத்த ஆண்டு எலப்புள்ளியினின்று பழைய அரிசியே சென்றது. அதனோடு தனியே ஒரு சிறு மூட்டையில், காளியம்மனுக்குப் பொங்கியபின் எடுத்த புத்தரிசி, சித்திரபுரத்திற்கென்று சீட்டெழுதிச் சென்றது. கிடைத்தது என்று ஈஸ்வரன் ஒரே சொல்லில் எழுதினான். அச்சொல்லைத் தனபால் எத்தனையோ முறை திறந்து பார்த்தான். பனங்காற்று வீசும் மாசிதோறும், அன்று ஈஸ்வரன் அறிந்தானா, அறியானா என்னும் வினா, அகப்பையில் ஒட்டிய அப்பொங்கலைப் போல, தட்டத் தட்ட விழாமல் அவன் நெஞ்சிலேயே ஒட்டிக் கிடக்கிறது.