மணிக்கட்டில் ஒரு பேப்பர் துண்டு

ஸ்கேட்டிங் கோச் ஆதித்தன் ஏன் பிள்ளைகளின் மணிக்கட்டில் பேப்பரை அழுத்தி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார்?

குத்துக்கல்வலசையில் இதற்கு மூன்று பதில்கள் உலவின. ரேகை எடுக்கிறார். வேர்வையை வைத்துப் பயத்தை அளக்கிறார். கிறுக்கு.

மாஜிதாவுக்கு உண்மையான பதில் வேண்டும். அதுவும் இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள்.

அவள் மகன் ஹுஸைஃபாவும் மகள் முஹ்ஸினாவும் மாநில ஜோடி ஸ்கேட்டிங் போட்டிக்குத் தேர்வாகியிருந்தார்கள். சக்கரம் உருளும்போதே அண்ணன் தங்கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். இன்று ஐந்து மணிக்குள் பெற்றவள் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி. நேற்று சவூதியில் தம்மாமிலிருந்து கணவன் மைதீன் ஒரு பழைய வீடியோவை அனுப்பியிருந்தான். குற்றால சீசன் மேடை. வெள்ளிச் சட்டையில் ஆதித்தன். தலைக்கு மேலே ஒரு பெண். அடுத்த நொடி, சிமெண்ட் தரையில் அவள்.

"இவன்கிட்டயா நம்ம பிள்ளைகள விட்டிருக்கே? அவளுக்கு வேற இடத்துல கல்யாணம் நிச்சயமான கோவத்துல கீழ போட்டவன்னு சொல்லுதாவ. ரெண்டு வருசம் தடையே போட்டிருக்காவ!"

கோச்சிடமே கேட்டாள். "பிடிச்சவன் நான். விட்டதும் நான்தான்" என்றார். விசிலை ஊதிக்கொண்டு மைதானத்துக்குள் போய்விட்டார்.

விழுந்தவளின் இருப்பிடத்தை விசாரித்துக்கொண்டு மாஜிதா குற்றாலத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஐந்தருவி ரோட்டில் சிப்ஸ் கடை. கொதிக்கும் சட்டிக்குப் பின்னால், இடது காலைச் சற்றே இழுத்து நடந்தாள் குழல்வாய்மொழி. வீடியோவில் விழுந்தவள்.

"எவ்வளவு போடட்டும்க்கா?"

"கால் கிலோ. அப்புறம் ஒரு விசயம். ஆதித்தன் சார் உங்கள வேணும்னே போட்டாரா?"

கரண்டி நின்றது. குழல்வாய்மொழி மாஜிதாவை மேலும் கீழும் பார்த்தாள். "ஒம்பது வருசமா ஊரே கதை கட்டுது. என்கிட்ட வந்து கேட்ட மொத ஆளு நீங்கதான். பிள்ளைய அனுப்புதீங்களோ?"

"ரெண்டு பேரையும்."

"அன்னைக்குக் காலையில கடையத்துலருந்து அத்தைமார் வந்திருந்தாவ. எண்ணெய் தேய்க்காம அருவியில நிக்கவே விடல. உச்சந்தலையிலருந்து உள்ளங்கால் வரைக்கும் தேச்சுட்டாவ. சீயக்காய் போட்டும் மணிக்கட்டுல பிசுபிசுப்பு போகல. மேடை ஏறும்போது அவன் கேட்டான், 'எண்ணெய் வச்சியா?'ன்னு. வச்சேன்னு சொன்னா ஆட்டத்த நிறுத்திருவான். நான் இல்லன்னுட்டேன். தூக்கும்போது அவன் பிடியிலருந்து மணிக்கட்டு வழுக்கிருச்சு."

"விசாரணையில சொல்லலியா?"

"அவனுக்காக நான் பொய் சொல்லுதேன்னு நெனச்சு மாப்பிள்ளை வீட்டுல கல்யாணத்த நிறுத்திருவாவளோன்னு பயம். வாயத் தொறக்கல. அவனும் என்னைக் காட்டிக் கொடுக்கல." சிப்ஸ் பொட்டலத்தை நீட்டினாள். "இப்பல்லாம் பேப்பர் வச்சுப் பாக்குதானாமே?"

"பாக்குதாரு."

"அப்ப அனுப்புங்க."

திரும்பும் பஸ்ஸில், கையிலிருந்த சிப்ஸைக்கூட ருசி தெரியாமல் தின்றுகொண்டு வந்தாள் மாஜிதா.

மைதானத்தில் பயிற்சி தொடங்கியிருந்தது. ஆதித்தன் முஹ்ஸினாவின் மணிக்கட்டில் பேப்பரை அழுத்தி வெயிலுக்கு நேரே பிடித்தார். நடுவில் கண்ணாடிபோல ஒரு வட்டம்.

"எண்ணெய் வச்சியா?"

"இல்ல சார்" என்றாள் முஹ்ஸினா, கண்ணை எடுக்காமல்.

மாஜிதாவுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. மத்தியானம் மகளுக்குத் தலை வாரிவிட்டு, உள்ளங்கையில் மிச்சமிருந்த எண்ணெயை வழக்கம்போல அவள் கைகளில்தானே வழித்துவிட்டாள்!

"சார், அவ பொய் சொல்லுதா. நான்தான் தேச்சுவிட்டேன்."

"உம்மா!" முஹ்ஸினா காலை உதைத்தாள். "இன்னைக்குத் தூக்க விடமாட்டாரு!"

"விடவே மாட்டேன்" என்றார் ஆதித்தன். "போய் சோப்புப் போட்டுக் கழுவு. தூக்குறது நாளைக்கு." பிறகு மாஜிதாவைப் பார்த்தார். "எங்க போய்ட்டு வாரீங்க?"

"ஐந்தருவி ரோட்டுக்கு. சிப்ஸ் வாங்க."

அவர் பார்வை பொட்டலத்தில் விழுந்தது. "கால் எப்படி இருக்கு அவளுக்கு?"

"இழுத்துத்தான் நடக்குதா. எல்லாம் சொல்லிட்டா சார்."

அவர் குழாயடியில் கை கழுவும் முஹ்ஸினா பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஃபாரத்தக் குடுங்க, கையெழுத்துப் போடுதேன்."

ஃபாரத்துக்கு முன்னால் ஒரு பேப்பர் துண்டு நீண்டது.

"கையத் துடைங்க மொதல்ல. சிப்ஸ் எண்ணெய்."