பொதுவில் போட்ட மாத்திரை

விடிவதற்கு முன்பே அரவை இயந்திரம் உறும ஆரம்பித்துவிட்டது. உடைந்த கல் மாவாகி, தகரக் குழாய் வழியாகச் சூடு பறக்கக் கொட்டியது. குழாயின் வாயில் சாக்கை விரித்துப் பிடித்திருந்தாள் அம்மா. நிரம்பிய சாக்கைத் தையல் மேடைக்கு இழுத்துப் போவது மகளின் வேலை. பதினாறு வயதுக்குரிய சதை உடம்பில் ஒட்டாததால் ஆலையில் அவளுக்குக் குருவி என்று பெயர். மூக்கில் கட்டிய துணி மூச்சில் நனைந்து, நனைந்த துணியில் கல்மாவு அப்பி, ஓடுபோல் இறுகிக் கிடந்தது.

அம்மாவின் பிடி நழுவியது. மாவு காலில் கொட்டியது. குருவி நிமிர்ந்து பார்த்தாள். முகம் முழுக்க வெள்ளை. நடுவில் கண் மட்டும் மஞ்சள்.

"அம்மா, கொஞ்சம் உக்காரும்மா."

"நான் உக்காந்தா உலை கொதிக்குமா? இழு கண்ணு."

அந்த மஞ்சளைக் குருவி நேற்றே பார்த்துவிட்டாள். வெளிச்சம் சரியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தாள். தூக்கம் வரவில்லை.

எல்லாம் அந்த மாத்திரையில் தொடங்கியது. கல்தூசி இருமலுக்குப் புது மருந்து வந்திருப்பதாக முதலாளி ஒருநாள் எல்லோரையும் கூட்டிச் சொன்னார். "மருந்துக் கம்பெனிக்காரங்க சும்மா குடுக்கறாங்க. சாப்பிடறவங்களுக்குத்தான் இனிமே இங்க வேலை." அவ்வளவுதான் விளக்கம். பெரியவர்கள் எல்லோரும் கைநாட்டு வைத்தார்கள். வயது போதாதென்று குருவியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

மூட்டை தூக்கும் ரேடியோ மாமாதான் மிச்சக் கதையைக் கொண்டுவந்தார். வாய் ஓயாத மனிதர். "பாதிப் பேருக்குத்தான் மருந்தாம். மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. ரெண்டும் பாக்க ஒண்ணுபோலவே இருக்குமாம்!"

"ஏற்கெனவே மூக்கால மாவு தின்னுக்கிட்டிருக்கோம். வாயாலயும் தின்னணுமா?" என்றாள் சாக்குத் தைக்கும் அத்தை. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது.

அன்று மத்தியானம் அத்தை ஒரு பிஸ்கட் டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்தாள். ஒருவன் மருந்து தின்ன, பக்கத்தில் நிற்பவன் மாவு தின்பதா? சோற்றைப் பங்கு போட்டுத் தின்பவர்கள் அவர்கள். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் பங்கு மூட்டையை மற்றவர்கள் தூக்குவார்கள். அவரவர் பேர் ஒட்டித் தனித்தனியாக வந்த மாத்திரை எல்லாம் டப்பாவில் ஒன்றாக விழுந்தது. காலையில் கைவிட்டு ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு மாவு வந்தவருக்கு நாளைக்கு மருந்து வரட்டும். அதைவிட நியாயமாக அவர்களுக்கு எதுவும் தோன்றவில்லை.

வெயில் ஏறியபோது அம்மா சாக்கோடு சரிந்தாள்.

மாத்திரை தின்பவர்களை எடை பார்க்க வந்திருந்த மருந்துக் கம்பெனி நர்ஸ் ஓடிவந்தாள். இமையை விலக்கிப் பார்த்து உதட்டைக் கடித்தாள். "கல்லீரல் அடி வாங்கியிருக்கு." கம்பெனிக்குப் போன் போட்டாள். இந்த மாதிரி அவசரத்துக்கு மட்டும்தான் யாருக்கு எது போனது என்று திறந்து பார்ப்பார்களாம். பேசி முடித்தவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "இவங்க பேருக்கு வந்தது வெறும் மாவுதான்."

முதலாளிக்கு முகம் தெளிந்தது. "பாத்தீங்களா? மாவு தின்னு யாருக்காவது காமாலை வருமா? வீட்டுல கண்டதையும் தின்னிருப்பா. தூக்கிட்டுப் போங்க. ஏய், மிசினை யாரு பாக்கறது?"

"மருந்தால வந்திருந்தா கம்பெனியே கொணமாகற வரைக்கும் வைத்தியம் பாக்கணும்," நர்ஸ் முணுமுணுத்தாள். "இப்ப நான் என்ன செய்ய?"

குருவியின் கண் தையல் மேடைக்கு அடியில் போனது. டப்பா அங்கேதான் இருந்தது. மாத்திரையைக் கலந்ததைச் சொன்னால் அத்தனை பேர் பிழைப்பும் போகும். சொல்லாவிட்டால் அம்மா போவாள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ரேடியோ மாமாகூட வாயைத் திறக்கவில்லை. அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "சொல்லாதடி" என்று உதடு மட்டும் அசைந்தது.

டப்பாவைச் சொல்லாமல் எதையாவது கேட்டாக வேண்டும் என்று குருவி நர்ஸைப் பார்த்தாள்.

"அக்கா... மாத்திரை வேண்டாம்னா வேலையை விட்டு எடுத்துருவாங்களா?"

நர்ஸ் திகைத்தாள். "யாரு சொன்னா? இது ஆராய்ச்சிம்மா. இஷ்டப்பட்டாத்தான் சேரணும். எப்ப வேணா விலகிக்கலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். வேலையில கைவைக்கக் கூடாது. எல்லாத்தையும் விளக்கிட்டேன்னு முதலாளி சொன்னாரே?"

எல்லாத் தலைகளும் முதலாளி பக்கம் திரும்பின. அத்தை மெல்லக் குனிந்தாள். டப்பாவை எடுத்து நர்ஸின் காலடியில் வைத்துத் திறந்தாள்.

"எல்லார் மாத்திரையும் இதுக்குள்ளதான் தாயி. யாரு எதைத் தின்னோம்னு கடவுளுக்கும் தெரியாது."

நர்ஸ் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க! இவங்களுக்கு மருந்து, அவங்களுக்கு மாவுன்னு தனித்தனியா குடுத்து, ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டாத்தானே மருந்து கேக்குதா, கெடுதல் பண்ணுதான்னு தெரியும்? சீட்டுக் குலுக்கிப் பிரிச்சதே அதுக்குத்தானே!"

"இதை அன்னிக்கே எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றாள் அத்தை. நர்ஸ் குனிந்து டப்பாவை மூடினாள்.

"டப்பாவுல கைவிட்ட நாயெல்லாம் வெளிய போ!" முதலாளி கத்தினார்.

ரேடியோ மாமா நடந்துபோய் மின்விசையை இறக்கினார். உறுமல் அடங்கியது. தூசி இறங்கும் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.

"வெளியதான் போறோம்," என்றார். "ஆஸ்பத்திரிக்கு. இவளுக்கு வைத்தியம் பாக்கணும். எங்க எல்லார் ரத்தத்தையும் சோதிக்கணும். அதுவரைக்கும் மிசின் ஓடாது."

"ஆள் கெடைக்காதுன்னு நெனப்பா? நாளைக்கே புது ஆளு நிப்பான்."

"நிக்கட்டும். அவன்கிட்டயும் சொல்லிட்டுத்தான் போவோம்."

நர்ஸ் டப்பாவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "நடந்தது நடந்தபடி சொல்றேன். கேப்பாங்களான்னு எனக்குத் தெரியல."

யாருக்குமே தெரியவில்லை. காலிச் சாக்குகளைச் சேர்த்துக் கட்டி அம்மாவைப் படுக்கவைத்துத் தூக்கினார்கள். தலைமாட்டில் ஒரு மூலையைக் குருவி பிடித்தாள். மறு மூலையில் அத்தை. ஆலைக் கதவைத் தாண்டியதும் வெயிலில் அந்தக் கண்கள் இன்னும் மஞ்சளாகத் தெரிந்தன.

"கனக்குறேனா கண்ணு?"

"மூட்டையை விடக் கம்மிதாம்மா."

குருவி பிடித்திருந்த மூலை சற்றுத் தாழ்ந்தது. பின்னாலிருந்து மாவு படிந்த ஒரு கை நீண்டு, அவள் கைக்குப் பக்கத்தில் சாக்கைப் பற்றியது. யார் கை என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையை எட்டிப் போட்டாள்.