முடிந்துபோன உலகத்தில் நானூறு மணி நேரம்

பாலத்துக்கு அடியில் அவள் பதினோராவது தடவையாகச் செத்தாள். முந்தைய பத்துத் தடவையும் கொள்ளைக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அதிலாவது ஒரு கௌரவம் இருந்தது. இந்தத் தடவை கொன்றது ஒரு நாய். உடம்பில் பாதி மயிர் உதிர்ந்து, விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிய, ஒரு காலை இழுத்து இழுத்து வந்த நாய். பாவமாக இருக்கிறதே என்று துப்பாக்கியைத் தாழ்த்திய நேரத்தில் பாய்ந்து குரல்வளையைக் கவ்விவிட்டது. திரை சாம்பல் நிறமாகி, நடுவில் எழுத்து வந்தது: ‘நீங்கள் இறந்துவிட்டீர்கள்.’ எந்தப் புண்ணியவானோ உட்கார்ந்து விளையாட்டு முழுவதையும் தமிழ்ப்படுத்தியிருந்தான். செத்தவளுக்கு இந்த ‘நீங்கள்’ ஒன்றுதான் குறைச்சல் என்று முனகிக்கொண்டே லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

“மறுபடியும் பாலமா அண்ணி?” எதிர் நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்த நாத்தனார் தலையைத் தூக்காமலே கேட்டாள். வீட்டில் அவளுக்குப் பெயர் சிட்டு. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஃபோனில் பேசும் வேலை. மற்ற நேரத்தில் பேச்சைச் சேமித்து வைத்துக்கொள்வாள்.

“ஆமா.”

“அந்தப் பக்கமே போகாதீங்கன்னு சொன்னேன்ல. ஆத்தைச் சுத்திப் போகலாம்.”

“நான் ஏன் சுத்திப் போகணும்? பாலம் அவனுங்க அப்பன் கட்டுனதா?”

சிட்டு சிரித்தாள். அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை மதியம் ஒரு மனுஷி தூங்கலாம், துணி மடிக்கலாம், சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு, குண்டு விழுந்து அழிந்துபோன ஓர் ஊரில் துருப்பிடித்த டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். எல்லாம் வீட்டுக்காரருக்காக.

அவர் கடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்கும் மேடையில் எலக்ட்ரீஷியன். போய் ஐந்து மாதம் ஆகிறது. வர இன்னும் மூன்று மாதம். கல்யாணமான ஒன்பது வருஷத்தில் இது ஐந்தாவது பயணம். முதல் பயணத்தில் தினமும் பேசினார்கள். இப்போது வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் ‘சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழை இல்ல’ என்று நாலு கேள்வியில் முடிந்துவிடும். நாலாவது கேள்விக்குப் பிறகு இரண்டு பேரும் அவரவர் முகத்தைத் திரையின் மூலையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போன மாதம் அவராகவே சொன்னார்: “ஒரு கேம் இருக்கு. நீயும் ஆடிப் பாரேன். ரெண்டு பேருக்கும் பேச ஒரு விஷயம் இருக்கும்ல.” அவர் ஆசைப்பட்டு ஒன்றைக் கேட்டே பல காலம் ஆகியிருந்தது. சரி என்றாள். சிட்டுதான் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தாள்.

ஆரம்பத்திலிருந்தே அவளுக்கும் அந்த விளையாட்டுக்கும் ஒத்துவரவில்லை. எங்கே வேண்டுமானாலும் போகலாம், எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று விளம்பரத்தில் மார்தட்டியிருந்தார்கள். போன இடத்திலெல்லாம் செத்ததுதான் மிச்சம். பை நிறையப் பொருள் சேர்த்தால் ‘இதற்கு மேல் சுமக்க முடியாது’ என்று சொல்லி ஆளை நத்தை மாதிரி நகரவிடும். எதைத் தூக்கிப் போடுவது என்று அரை மணி நேரம் யோசித்து ஒரு வாணலியைத் தூக்கிப் போட்டால், அடுத்த ஊரில் ஒருத்தி வாணலி இருக்கிறதா என்று கேட்பாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், கதிர்வீச்சு விஷயத்தை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவள். மார்பில் குத்தியிருக்கும் பட்டையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பி, உடம்பு எவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறது என்று பார்க்கிறவள். இந்த விளையாட்டில் நச்சுக் குட்டையில் இறங்கிக் குளித்துவிட்டு, ஒரு மாத்திரையைப் போட்டால் அத்தனையும் போய்விடுமாம். “யாரு இதை எழுதினான்? ஒரு நாள் எங்க டிபார்ட்மெண்ட்ல வந்து உக்காரச் சொல்லு,” என்று சிட்டுவிடம் பொரிந்தாள்.

இதற்கெல்லாம் நடுவில் நிஜமான ஒரு கேள்வி அவள் பையில் கனத்துக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் புதிதாகத் திறக்கும் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவுக்குத் தலைமை டெக்னீஷியனாக வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. வீட்டை மாற்ற வேண்டும், சிட்டுவுக்கு ஓர் ஏற்பாடு செய்ய வேண்டும், லீவில் வருகிற மனிதர் எந்த ஊரில் வந்து இறங்குவார் என்று யோசிக்க வேண்டும். திங்கட்கிழமை மதியத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கடிதம் வந்து மூன்று வாரம் ஆயிற்று. மூன்று வாரமும் அவர் ஒரே பதில்தான் சொன்னார்: “நாளைக்குப் பேசலாம்.” நேற்று வெள்ளிக்கிழமை கண்டிப்பாகப் பேசலாம் என்றார். சாயங்காலம் தலைவாரி, நல்ல வெளிச்சம் படும்படி ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வரி வந்தது: ‘டபுள் ஷிஃப்ட். ஸாரி. ஞாயித்துக்கிழமை.’

மூடிய லேப்டாப்பைக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தாள். பாலத்தைத் தாண்ட வேறு வழி இருக்கிறதா என்று ஆடியவர்கள் எழுதும் பக்கத்தில் தேடினாள். அங்கே ஒரு பெருங்கூட்டம் தெருச்சண்டை போட்டுக்கொண்டிருந்தது. ‘முதல் இருபது மணி நேரம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் விடமாட்டீர்கள்’ என்று ஒருவர். ‘முந்நூறு மணி நேரம் ஆடினேன், குப்பை’ என்று இன்னொருவர். குப்பை என்று தெரிந்துகொள்ள முந்நூறு மணி நேரம் எதற்கு என்று அவருக்குக் கீழே நாற்பது பேர் கேட்டிருந்தார்கள். தன் மாட்டுக்குக் கொட்டகை கட்டியதையும், அது மறுநாள் தரைக்குள் பாதி புதைந்து நின்று தன்னைப் பார்த்ததையும் ஒரு பெண் கண்ணீரும் சிரிப்புமாக எழுதியிருந்தாள். அதைப் படித்து, அன்று முதல் தடவையாக இவள் கொஞ்சம் சிரித்தாள்.

“சிட்டு, உங்கண்ணன் இதுல எங்க இருப்பாரு? அவரையே கேக்கலாமே, பாலத்தை எப்படித் தாண்டினாருன்னு.”

சிட்டு எழுந்து வந்து எதையோ இரண்டு இடத்தில் தட்டினாள். நண்பர் பட்டியல் விரிந்தது. ஒரே ஒரு பெயர். அதற்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, அந்தப் பட்டியல் எல்லாவற்றையும் போட்டு உடைத்தது: ‘விளையாடிய நேரம்: 412 மணி. கடைசியாக விளையாடியது: நேற்று.’

சிட்டு முதலில் அண்ணி முகத்தைப் பார்த்தாள், பிறகு நகவெட்டியைப் பார்த்தாள். “துணி காயுதான்னு பாத்துட்டு வர்றேன்,” என்று மாடிக்குப் போய்விட்டாள்.

அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலே. சிக்னல் இல்லை என்ற நாட்கள், கண் சொக்குகிறது என்ற நாட்கள், மேலதிகாரி கூப்பிடுகிறார் என்ற நாட்கள், எல்லாமே அதற்குள் இருந்தன. வேறொரு பெண் என்றால்கூட என்ன செய்வது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அழலாம், கத்தலாம், அவர் அக்காவைக் கூப்பிட்டு நியாயம் கேட்கலாம். ‘உங்க தம்பி என்னை விட்டுட்டு டப்பா பொறுக்கப் போறாரு’ என்று யாரிடம் போய்ச் சொல்வது?

பெயருக்குக் கீழே ‘அனுபவக் குறிப்பு: 1’ என்று இருந்தது. தொட்டாள்.

நீளமாக எழுதியிருந்தார். அவளுக்கு ‘ம்’ என்றும் ‘சரி’ என்றும் மட்டுமே எழுதத் தெரிந்த மனிதர். முதலில் குறைகளைச் சொல்லியிருந்தார்: இருட்டில் எழுத்து தெரியவில்லை, மின்கம்பியை ஜெனரேட்டரில் இணைக்கும் விதம் சுத்தத் தவறு, அப்படிச் செய்தால் கை கருகிவிடும். அந்த இடத்தில் அவளையறியாமல் தலையாட்டினாள். பிறகு எழுதியிருந்தார்:

‘ஆனாலும் நான் இதை ஆடுவதை நிறுத்தவில்லை. காரணம் யோசித்துப் பார்த்தேன். இந்த உலகம் ஏற்கெனவே முடிந்துபோய்விட்டது. இனி நான் எதைக் கெடுக்க முடியும்? யாராவது கேள்வி கேட்டால் கீழே நாலு பதில் வரும், ஒன்றை அழுத்தினால் போதும். தப்பாகிவிட்டால் பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். வீட்டில் அப்படி இல்லை. என் மனைவி என்னைவிடக் கெட்டிக்காரி. அவள் ஒன்று கேட்டால் சரியான பதில் சொல்ல வேண்டுமே என்று பயமாக இருக்கிறது. பயந்துகொண்டு இங்கே வந்துவிடுகிறேன். பத்துக்கு எட்டு மதிப்பெண்.’

எண்பத்தாறு பேர் இதைப் பயனுள்ளது என்று சொல்லியிருந்தார்கள்.

இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை நெஞ்சு இளகியது. இரண்டாவது தடவை அந்த இளக்கத்தின் மேலேயே கோபம் வந்தது. ஊர் பேர் தெரியாத எண்பத்தாறு பேருக்குத் தெரிந்திருக்கிறது, பக்கத்துத் தலையணைக்குத் தெரியவில்லை. தன்னைக் கெட்டிக்காரி என்று அவர் நினைப்பதே ஒரு விளையாட்டின் குறை நிறையோடு சேர்த்து, மதிப்பெண்ணுக்கு முந்தைய வரியில்தான் அவளுக்கு வந்து சேர வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சொன்ன நேரத்துக்குக் கூப்பிட்டார். தாடி வளர்ந்திருந்தது. பின்னால் இரும்புச் சுவர்.

“சாப்பிட்டியா?”

“வெள்ளிக்கிழமை டபுள் ஷிஃப்ட்டா?”

“ஆமா, செம வேலை. முதுகே போச்சு. பாலம் தாண்டிட்டியா?”

“நானூத்திப் பன்னண்டு மணி நேரம்,” என்றாள்.

அவர் தாடியைச் சொறிந்துகொண்டார்.

“நீங்க எழுதினதையும் படிச்சேன்.”

“அது... சும்மா எழுதினது. நீ தப்பா எடுத்துக்கிட்டியா?”

“என்னங்க, நான் உங்ககிட்ட பரீட்சையா வச்சேன்? புது வேலைக்குப் போகட்டுமா வேணாமான்னு கேட்டேன். தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம். பயமா இருக்குன்னா பயமா இருக்குன்னு சொல்லியிருக்கலாம். நானும் பயந்துகிட்டுதான் கேட்டேன்.”

“ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா மண்டை வேலை செய்ய மாட்டேங்குது. நீ எது செஞ்சாலும் சரியா இருக்கும். நீ என்ன முடிவு எடுத்தாலும் எனக்கு ஓகே.”

அந்த ‘ஓகே’தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வேண்டாம் என்றிருந்தால் சண்டை போட்டிருப்பாள். போ என்றிருந்தால் அழுதிருப்பாள். “எனக்கு ஓகே வேணாம்,” என்றாள். “நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு வேணும். தப்பா இருந்தாலும் பரவால்ல. நாளைக்குப் பன்னண்டு மணிக்குள்ள அனுப்பணும்.”

அவர் வாயைத் திறந்தார். அந்த வாய் திறந்தபடியே படம் உறைந்து நின்றது. சிக்னல் போனதா, அவரே அசையாமல் உட்கார்ந்திருக்கிறாரா என்று சில கணங்கள் அவளுக்குப் புரியவில்லை. “கேக்குதா? கேக்குதா?” என்று மூன்று தடவை கேட்டாள். பிறகு திரை அணைந்தது. அவள் திரும்பக் கூப்பிடவில்லை. அவரும் கூப்பிடவில்லை. நடையில் நின்றிருந்த சிட்டு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போங்க அண்ணி,” என்றாள். “நான் என் ஃப்ரெண்ட் ரூமுக்குப் போயிடுவேன். என்னைச் சாக்கு சொல்லி நின்னுடாதீங்க.”

“உன்கிட்ட யாரு கேட்டா?”

“யாரும் கேக்கலதான். நானாத்தான் சொல்றேன். எங்க வீட்டு ரத்தத்துல ஒருத்தராவது வாயைத் திறக்க வேணாமா?”

அவள் சிட்டுவின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அது ஒரு நல்ல சந்தர்ப்பமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரியில் கூட்டம் அள்ளியது. பதினொரு மணி வரை ஃபோனை நாலு தடவை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பதினொன்றேகாலுக்கு, கை உடைந்த ஒருத்திக்கும் மூட்டு வீங்கிய ஒருவருக்கும் நடுவில் கிடைத்த இரண்டு நிமிஷத்தில், கட்டுப்பாட்டு அறையில் நின்றபடியே பதில் எழுதினாள். மூன்று வாரமாக மனசுக்குள் எழுதி அடித்த கடிதம் கடைசியில் மூன்று வரிதான் வந்தது. ‘பணியை ஏற்றுக்கொள்கிறேன்.’ அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். சந்தோஷமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். சந்தோஷம்தான். ஆனால் அதை உடனே போய்ச் சொல்ல ஓர் ஆள் இல்லாத எரிச்சல் சந்தோஷத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

அடுத்து வந்தவர் ஒரு முதியவர், முன்னாள் தபால்காரர். இரண்டு வாரமாக இருமல். சட்டையைக் கழற்றச் சொல்லி, பலகையில் நெஞ்சு படும்படி நிறுத்தி, தோள்களை முன்னுக்குத் தள்ளி, மோவாயைத் தூக்கி வைத்தாள். “நான் சொன்னதும் மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கணும் ஐயா. விடுங்கன்னு சொல்ற வரைக்கும் விடக்கூடாது.” அவர் பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

கண்ணாடிக்குப் பின்னால் வந்து ஒலிபெருக்கியில், “மூச்ச இழுங்க... பிடிங்க,” என்றாள். பொத்தானை அழுத்தினாள். பீப் என்று சத்தம் வந்து அடங்கியது.

அதே நேரத்தில் மேஜையில் ஃபோன் அதிரத் தொடங்கியது. அவர் வேலை செய்யும் எண்ணெய் மேடையிலிருக்கும் அலுவலகத் தொலைபேசியின் எண். யாருக்காவது ஆபத்து என்றால்தான் அதிலிருந்து பேசவிடுவார்கள். இல்லையென்றால் ஷிஃப்ட்டை விட்டுவிட்டு வந்து, அங்கே உட்கார்ந்திருப்பவனிடம் கெஞ்ச வேண்டும். ஒன்பது வருஷத்தில் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்ததே இல்லை. வழவழப்பான மேஜையில் ஃபோன் ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒரு நூலளவு நகர்ந்து, விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து, தோள்கள் லேசாக நடுங்க, முதியவர் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.