பதினோராவது நடை

விடிய இன்னும் அரைமணி நேரம் இருந்தது. மீன்பிடிப் படகில் எஞ்சின் அறை என்று பேர்தான், ஆள் நிமிர முடியாத குழி அது. டிரைவர் முழங்காலை மடக்கிக் குந்தி, கை விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். இரும்புச் சட்டம் முதுகைச் சுரண்டியது. கம்பி நுனியில் இருந்ததை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பது சகஜம். ஆனால் நெருடக் கூடாது. இது மண்ணாய் நெருடியது.

கடலுக்குப் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினால் ஒரு நடை. நடைக்கு அறுபது மணி நேரம் எஞ்சின் ஓடும். இருநூற்றைம்பது மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும், அதாவது நாலு நடைக்கு ஒருதரம். பெரிய முதலாளி இருந்தவரை அப்படித்தான் நடந்தது. மகன் பொறுப்பேற்றதும் நாலு எட்டானது. இந்தப் படகில் இப்போது பத்து முடிந்துவிட்டது.

மேலே ஏறி வந்து, படகு கட்டும் துறைப் பாலத்தில் நின்ற சின்ன முதலாளியிடம் சொன்னார்.

"ஐயா, எண்ணெய் மாத்தாம இந்த நடை வேணாம். சூடேறினா பிரஷர் முள்ளு விழுந்துடுது."

"குறைஞ்சா மேல கொஞ்சம் ஊத்திக்க."

"ஊத்தினாலும் அழுக்கு உள்ளயேதான் கிடக்கும். பில்டரும் அடைச்சுக்கிச்சு."

"எஞ்சின் என்ன புதுப்பொண்ணா, வாரத்துக்கு ஒரு சேலை மாத்த?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "ஆறு படகு வச்சிருக்கேன். இஷ்டமில்லன்னா இறங்கிக்க. ஆளு வரிசையில நிக்குது."

வலை இழுக்கும் வின்ச்சைப் பார்க்கும் ஆள் டிரைவரின் தங்கை புருஷன். தளத்தில் பனிக்கட்டியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன சொல்றாரு மச்சான்?"

"போகச் சொல்றாரு."

"அப்ப போவோம். நாம சொல்லியா கேக்கப் போறாரு?"

டிரைவர் படகை எடுத்தார்.

இரண்டாம் நாள் பிற்பகல் காற்று வலுத்தது. எஞ்சினிலிருந்து முதலில் காலித் தகரத்தைச் சுத்தியலால் அடிப்பதுபோல ஒரு சத்தம். முள் பூஜ்யத்தில் கிடந்தது. டிரைவர் பாய்ந்து நிறுத்துவதற்குள் எஞ்சின் ஒரு கிறீச்சலோடு இறுகி நின்றுவிட்டது. அதுவரை கேட்காத கடல் நான்கு பக்கமும் கேட்டது. படகு குறுக்கே திரும்பி அலைக்கு விலாவைக் காட்டியது. ஒருவர் வாந்தி எடுத்தார். டிரைவர் கையில் ஸ்பானரோடு சும்மா நின்றார். அதை வைத்துச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அதே முதலாளியின் இன்னொரு படகு வந்து, இழுத்துப்போகக் கயிறு வீசியது. தங்கை புருஷன்தான் முன்தளத்தில் அதைப் பிடித்து, கயிறு கட்டும் கட்டையில் சுற்றினான். ஓர் அலை படகைத் தூக்கிக் கீழே போட்டது. கயிறு விண்ணென்று இறுகியபோது அவனுடைய வலது கை அதற்கும் கட்டைக்கும் நடுவில் இருந்தது.

கரை சேர்ந்ததும் சின்ன முதலாளி நேரே எஞ்சின் குழிக்குள் இறங்கினான். கை நசுங்கியவனைப் பலகையில் படுக்கவைத்து அந்தக் குழியை ஒட்டித்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். "ஐயோ, எஞ்சின் போச்சே!" என்ற குரல்தான் கீழேயிருந்து வந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். மறுநாள் முதலாளியின் கணக்குப்பிள்ளை டிரைவரிடம் ஒரு தாளோடு வந்தார். 'எஞ்சினை நான் சரியாகப் பராமரிக்காததே விபத்துக்குக் காரணம்' என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போட்டுருப்பா. போட்டா வைத்தியத்தை ஐயா பாத்துப்பாரு. இல்லன்னா போலீஸுக்குப் போவாரு. எப்படியும் உனக்கு வேலை இல்ல."

டிரைவர் பேனாவை வாங்கிவிட்டார். கட்டிலில் கிடந்த கட்டுப் போட்ட கையைப் பார்த்தபோது கையெழுத்து ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் நின்ற தங்கை அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எஞ்சின் நிக்கும்னு உனக்குத் தெரியுமாண்ணே?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏண்ணே எடுத்தே?"

அவர் தரையைப் பார்த்தார். "பயந்துட்டேம்மா."

அவள் அழவில்லை. அண்ணனைத் திட்டவும் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளை வாங்கி நாலாய் மடித்துக் கணக்குப்பிள்ளையிடமே நீட்டினாள்.

"எண்ணெய மாத்தணும்னு சொன்னவரு போடுற கையெழுத்து இல்ல இது. மாத்த வேணாம்னு சொன்னவரு போடட்டும்."

சாயங்காலம் டிரைவர் துறைமுக டீக்கடைக்குப் போனார். முதலாளியின் மற்ற ஐந்து படகு டிரைவர்களும் அங்கே இருந்தார்கள். எல்லாப் படகும் மறுநாள் கிளம்ப வேண்டும்.

"உங்க எஞ்சின்ல எண்ணெய் மாத்தி எத்தனை நடை ஆச்சு?"

"ஒம்பது."

"பன்னெண்டு."

"என்னுத கேக்காத."

"நான் தெரிஞ்சேதான் எடுத்தேன்," என்றார். "உங்களுக்கும் தெரியும்."

டீ ஆடை கட்டியது. பன்னிரண்டு நடைக்காரர், "எனக்கு மூணு புள்ளைங்கப்பா" என்று எழுந்து போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கடைசியில் மிஞ்சியது டிரைவரும் காலித் தம்ளர்களும்தான்.

மறுநாள் விடியலில், படகில் கிடந்த துணிமணியை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விடலாம் என்று வந்தார். பாலத்தை நெருங்கியபோது கால் அங்கேயே நின்றது. பனிக்கட்டி ஏற்றிய ஐந்து படகுகளும் சத்தமில்லாமல் கிடந்தன. நேற்று டீக்கடையிலிருந்து எழுந்து போன டிரைவர்கள் உட்பட முப்பது பேர் பாலத்து ஓரமாய் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

சின்ன முதலாளி அவர்கள் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"யாரு தூண்டிவிட்டது?"

"எஞ்சின்தாங்க," என்றது ஒரு குரல். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பில் பயமும் இருந்தது.

"மத்தியானத்துக்குள்ள வேற துறைமுகத்துலேருந்து ஆளைக் கொண்டுவரேன். அப்புறம் ஒருத்தனுக்கும் இங்க வேலை கிடையாது!"

பன்னிரண்டு நடைக்காரர் எழுந்தார்.

"கொண்டுவாங்கய்யா. அவங்களும் கடலுக்குப் போறவங்கதானே? சொன்னாப் புரிஞ்சுப்பாங்க."

முதலாளி செல்போனைக் காதில் வைத்தபடி காருக்குப் போனான். பனிக்கட்டி உருகிப் படகுகளின் வடிகால் ஓட்டை வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. மத்தியானம் யார் வருவார்கள், வந்தவர்கள் என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. டிரைவர் தயங்கி நிற்பதைப் பார்த்து ஒருவர் நகர்ந்து இடம் விட்டார்.

அப்போது பாலத்துக் கோடியில், வேறொரு முதலாளியின் படகில், எஞ்சின் உறுமிக் கிளம்பியது. எல்லாத் தலைகளும் திரும்பின. சிறிது நேரம் உறுமிவிட்டு அது நின்றது. அதன் டிரைவர் கையைத் துடைத்தபடி இறங்கி வந்தார்.

"எத்தனை நடைக்கு ஒருதரம் எண்ணெய் மாத்தக் கேக்குறீங்க?"

"நாலு."

அவர் தன் படகை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "எங்களுக்கும் அதேதான் வேணும்," என்று சொல்லி வரிசையில் உட்கார்ந்தார்.